தண்டவாளம் தெரிந்தால் 1924-க்கு முன்: குண்டளைப் பள்ளத்தாக்கில் பழைய பட அஞ்சலட்டைகளுடன்

ஜனவரி 23, வியாழன் – போடிநாயக்கனூர்

மூணாறு மலைகளைக் காட்டும் பழைய பட அஞ்சலட்டைகளைச் சேர்ப்பவர்களுக்குத் தீராத தொல்லை ஒன்று உண்டு. பல அட்டைகளின் அடியில் ‘ஹை ரேஞ்ச், திருவிதாங்கூர்’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இருக்காது. எந்த எஸ்டேட், எந்த ஆறு, எந்த வருடம் என்பதையெல்லாம் விற்பவர் தம் ஊகப்படி பென்சிலால் எழுதிக்கொள்வார்; வருடம் பின்னால் போகப் போக விலை முன்னால் போகும். என்னிடம் உள்ளவற்றில் குண்டளைப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவை என்று தோன்றியவற்றைப் பெரிதாக நகலெடுத்துக்கொண்டு, அவை எடுக்கப்பட்ட இடங்களை நேரில் தேடிப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். மூல அட்டைகளில் சிலவற்றை மட்டும் பாலியெஸ்டர் உறையில் போட்டு எடுத்துக்கொண்டேன். பிவிசி உறை சில வருடங்களில் அட்டையோடு ஒட்டிக்கொண்டு படத்தைக் கெடுத்துவிடும் என்பதைப் புதிதாகச் சேர்ப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மூணாற்றுக்குப் போக வேண்டியவன் போடியில் ஏன் இறங்கினேன் என்று கேட்கலாம். அந்த மலையின் தேயிலை ஒரு காலத்தில் மலை மேலிருக்கும் டாப் ஸ்டேஷன் என்ற இடத்திலிருந்து ரோப்வேயில் அடிவாரத்துக் கொட்டக்குடிக்கு இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்குத்தான் வந்து சேர்ந்தது. மதுரையிலிருந்து ரயில் போடியை எட்டியது 1928-இல். ஆகவே எஸ்டேட்டோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த போடிக் குடும்பங்களின் பரண்களில் பழைய காகிதம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

அப்படி ஒரு வீட்டுக்கு, தெரிந்தவர் ஒருவர் மூலமாகப் போனேன். ஏலக்காய்க் கமிஷன் வியாபாரம் செய்த குடும்பம். திண்ணையில் உட்கார்ந்ததுமே காப்பி வந்தது. காப்பி முடிந்ததும் இட்லி வந்தது. இட்லி முடியும் வரை அட்டை என்ற பேச்சை எடுக்கவே பெரியவர் விடவில்லை. பிறகு தகரப் பெட்டி ஒன்றைத் திறந்தார். ஐந்தொகைகளுக்கும் ரசீதுகளுக்கும் நடுவே இரண்டு பட அட்டைகள் இருந்தன. ஒன்று, மலையடிவாரத்தில் பாரவண்டிகள் வரிசையாக நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம். உருப்பெருக்கியில் அச்சுப் புள்ளியே தெரியவில்லை. இருண்ட ஓரங்களில் வெள்ளி மினுக்கம் ஏறியிருந்தது. அச்சகத்தில் அடித்ததில்லை, ஒளிப்படத் தாளிலேயே கழுவி எடுத்தது என்பதற்கு இவ்விரண்டும் போதுமான அடையாளம். மற்றொன்று சாயம் பூசி அச்சிட்ட ஒரு பாலம்.

விலை கேட்டதற்கு, “நீங்களே பாத்துக் குடுங்க தம்பி” என்றார். இதைவிடக் கடினமான விலை வேறு இல்லை. ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை நீட்டினேன். ஐந்நூறைத் திருப்பிக் கொடுத்து, “காகிதத்துக்கு இது போதும்” என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார். தெருவெங்கும் ஏலக்காய் மணத்தது.

ஜனவரி 24, வெள்ளி – போடிமெட்டு, மூணாறு

கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போடிமெட்டில் இறங்கியபோது, அடிவாரத்தில் அடித்த வெயில் முழுக்க மறைந்து மூடுபனி கையருகே நின்றது. பதினைந்து ரூபாய்த் தேநீர் குடித்து முடிப்பதற்குள் கோப்பை ஆறிப்போயிற்று. சோதனைச் சாவடியில் என் பையைத் திறந்து பார்த்த கேரளக் காவலர் நகல்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்ன குற்றம் கண்டுபிடிக்கப் போகிறாரோ என்று நான் நின்றிருக்க, அவர் உடன் பணிபுரிபவரைக் கூப்பிட்டு, மலை முகட்டில் வெட்டுண்ட பாதை தெரியும் படத்தைக் காட்டி, “இது லாக்காட் கேப் அல்லே?” என்று கேட்டார். இருவரும் ஒத்துக்கொண்டார்கள். பின்னால் நின்ற ஜீப்புகள் ஒலியெழுப்பிய பிறகே கோப்பு என் கைக்குத் திரும்பியது.

மூணாற்றில் கடைத்தெரு ஓரமாக, பழம்பொருள் என்று எழுதிப் போட்ட கடை ஒன்றில் மூணாறு அட்டைகள் கட்டுக் கட்டாகத் தொங்கின. ஒன்று அறுநூறு ரூபாய். தேநீரில் நனைத்தது போன்ற ஒரே சீரான பழுப்பு. பழைய அட்டை ஒரே சீராகப் பழுப்பேறாது. ஓரம் ஒரு நிறம், நடு ஒரு நிறம், முதுகு வேறு நிறம் என்றுதான் இருக்கும். உருப்பெருக்கியை வைத்தால் அந்தப் பழுப்புக்குள் இன்றைய வண்ண அச்சின் நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிந்தன. புறஊதா விளக்கை அடித்ததும் தாள் நீலமாக ஒளிர்ந்தது. வெளுப்பூட்டும் வேதிப்பொருள் சேர்ந்த தாள் அப்படித்தான் ஒளிரும். அவ்வகைத் தாள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே பரவலானது. கடைக்காரர் கோபப்படவில்லை. “சட்டம் போட்டு மாட்டினா யாருக்கு சார் தெரியப் போகுது?” என்று கேட்டுவிட்டு, எனக்கும் ஒரு தேநீர் சொன்னார். சட்டம் போட்டு மாட்டுபவர்களுக்கு அது போதும்தான். ஆனால் நகல் என்று ஒரு மூலையில் சிறிதாக அச்சிட்டுவிட்டு அறுபது ரூபாய்க்கு விற்றால் யாருக்கும் நட்டமில்லை.

தங்கிய அறையில் வெந்நீர் வரவில்லை. கேட்டதும் விடுதிப் பையன் விறகடுப்பில் காய்ச்சிய நீரை வாளியில் கொண்டுவந்து வைத்தான். யூகலிப்டஸ் விறகின் புகை மணம் நீரிலும் இருந்தது. இரவு கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும், பக்கத்தில் பதிமுகம் என்ற மரச்சிராய் போட்ட இளஞ்சிவப்பு வெந்நீரும். நூற்று முப்பது ரூபாய்.

ஜனவரி 25, சனி – மூணாறு

காலையில் சிஎஸ்ஐ தேவாலயம் இருக்கும் குன்றில் ஏறினேன். கல்லறைத் தோட்டம் கோயிலுக்கு முந்தியது. 1894-இல் காலராவில் இறந்த எலினார் நைட் என்ற இளம்பெண்ணை முதலில் இங்கே புதைத்தார்கள். கோயில் 1911-இல்தான் வழிபாட்டுக்கு வந்தது. அட்டை சேர்ப்பவனுக்கு இது வெறும் கதை அல்ல. ஊரைக் காட்டும் படத்தில் குன்றின் மேல் கோயில் தெரிந்தால் படம் 1911-ஐ ஒட்டியது அல்லது அதற்குப் பிந்தியது என்று துணிந்து சொல்லலாம்.

இந்தப் பள்ளத்தாக்கு இவ்வகை அடையாளங்களைத் தாராளமாகத் தருகிறது. 1902-இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாள வண்டி போட்டார்கள்; பாரம் ஒரு தண்டவாளத்தின் மேல் நிற்க, சாயாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் சாலை மேல் உருளும்; மாடுகள் இழுக்கும். 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகல இருப்புப்பாதை போட்டு நீராவி எஞ்சினை ஓடவிட்டார்கள். 1924 ஜூலையில், மலையாளிகள் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று கொல்லம் ஆண்டைச் சொல்லி இன்றும் பேசும் பெருமழையில், பாதை, பாலம், நிலையம் எல்லாம் அடித்துக்கொண்டு போயின. திரும்பப் போடவே இல்லை. ஆகவே மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளம் என்றால் 1902 முதல் 1908 வரை. இரட்டைத் தண்டவாளம் என்றால் 1908 முதல் 1924 வரை. குண்டளையில் அணைநீர் தெரிந்தால் 1946-க்குப் பின். மாட்டுப்பட்டியில் தெரிந்தால் 1953-க்குப் பின். முதுகுப் பக்கமும் உதவும்: முகவரிப் பக்கத்தையே நடுக்கோடு போட்டுப் பிரித்துச் செய்தியும் எழுத பிரிட்டன் அனுமதித்தது 1902-இல்தான். கோடில்லாத முதுகு என்றால் பெரும்பாலும் அதற்கு முந்திய அச்சு.

நல்லதண்ணி எஸ்டேட்டில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயிலின் சக்கரம் ஒன்று இருக்கிறது. பாட்டியாலாவில் 1907-இல் ஓடிய இதே வகை ஒற்றைத் தண்டவாள வண்டிக்கு டெல்லியில் முழு எஞ்சினே பாதுகாப்பாக நிற்கிறது; இங்கே சக்கரத்தோடு திருப்தியடைய வேண்டியிருக்கிறது. பக்கத்திலேயே நாசரேத் தொழிற்பள்ளியில் 1913-இல் செய்த கருங்கல் சூரியக் கடிகாரம். நாசரேத்தில் செதுக்கி இந்த மலைக்கு ஏற்றியிருக்கிறார்கள்! கூட்டம் செல்ஃபி எடுப்பதற்கு நகர்ந்துகொண்டே இருந்தது. நான் சக்கரத்தின் அருகே நின்று என் நகலோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்ததை அங்கிருந்த பணியாளர் கவனித்து, “குண்டளையில எங்க பெரியம்மா இருக்காங்க, நாளைக்குப் போய்ப் பாருங்க சார், பழைய ஆளு” என்று வழி சொன்னார். அருங்காட்சியகத்தில் கிடைத்தவற்றிலேயே பயனுள்ள தகவல் அதுதான்.

ஜனவரி 26, ஞாயிறு – குண்டளை

குடியரசு தினமும் ஞாயிறும் சேர்ந்துகொண்டதால் மாட்டுப்பட்டி வரையில் வண்டிகள் நின்றன. பதின்மூன்று கிலோமீட்டரைக் கடக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. அணைக்கரையில் அவித்த சோளம் ஐம்பது ரூபாய். தழையோடு கட்டிய வட்டவடை கேரட் கட்டு நாற்பது. பேருந்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எஸ்டேட் பெண்கள் கேரட் ஒன்றை முந்தானையில் துடைத்து எனக்கு நீட்டினார்கள். நெரிசலைப் பற்றி ஒருவரும் முணுமுணுக்கவில்லை. விடுமுறைக்கு இப்படித்தான் என்று வீட்டுக் கதைகளைப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

பெரியம்மாவின் லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு, பாதையிலிருந்து சற்றுக் கீழே. லயத்துக்கு முன்னால் கொடியேற்றி முடித்துப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். முன்னோர் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கங்காணி கூட்டிவர மலையேறியவர்கள். கட்டஞ்சாயாவும் ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு நகல்களைக் கேட்டார்.

அவற்றில் ஒன்றைப் பற்றி எனக்கு நெடுநாள் ஐயம். லண்டன் வியாபாரி ஒருவரிடம் வாங்கியது. சரிவு முழுக்க மொட்டையாக இருக்க, அடியில் ஒரு ஓடை. வியாபாரி ‘புதிதாகக் காடழித்த நிலம், 1890 வாக்கில்’ என்று பென்சிலால் எழுதியிருந்தார். பெரியம்மா படத்தைப் பார்த்த மாத்திரத்தில், “இது கவ்வாத்து வெட்டின மலை தம்பி” என்றார். நகல் பெரிதாக இருந்ததால் விரலை வைத்தே காட்டினார். புதிதாக நட்ட தேயிலை குச்சி போல ஒற்றைத் தண்டாக நிற்கும். இதிலோ ஒவ்வொரு தூரிலிருந்தும் கைத்தடி கனத்தில் பல கொம்புகள் முடிச்சு முடிச்சாகப் பிரிகின்றன. வெட்டிய கிளைகளை வரிசைகளுக்கு இடையே பரப்பிப் போட்டிருக்கிறார்கள். நான்கைந்து வருடங்களுக்கு ஒரு முறை கவ்வாத்து என்று இப்படிக் கிளைகளை மொட்டையடித்தால்தான் செடி கை எட்டும் உயரத்தில் நின்று கொழுந்து விடும். இந்த மலையில் பார்வதி எஸ்டேட்டில் ஷார்ப் என்பவர் முதன்முதலாகத் தேயிலை நட்டதே 1880-இல். அதன் பிறகும் நெடுநாள் காப்பி, சிங்கோனா என்று பலதையும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை முறை வெட்டுப்பட்டுக் கனத்த தூர், அதுவும் ஒரு மலை முழுக்க, 1890-இல் நின்றிருப்பது நடக்கிற காரியம் அல்ல.

அதோடு அவர் நிற்கவில்லை. அதே மலையைக் காட்டும் வேறொரு அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதில் சரிவு அடர்ந்து பச்சையாக இருக்கும். இரண்டுக்கும் இடையே முப்பது வருடம் என்பது வியாபாரியின் கணக்கு. இரண்டிலும் ஓடைக்கரையில் நிற்கும் சில்வர் ஓக் கன்றுகள் ஏறத்தாழ ஒரே உயரம் என்று அவர்தான் காட்டினார். சில்வர் ஓக் விறுவிறுவென்று வளரும் மரம். ஆக, இரண்டு அட்டைகளுக்கும் இடைவெளி ஓரிரு வருடத்துக்கு மேல் இருக்க முடியாது. எழுத்து முறை, தபால்தலை, அச்சு வகை என்று எத்தனையோ கட்டுரைகளைப் படித்துவிட்டு வந்தவனுக்குச் செடியின் தூரைப் பார்க்க வேண்டும் என்பதை எந்தக் கட்டுரையும் சொல்லித்தரவில்லை.

கொழுந்தெடுக்கும் பெண்கள் வரிசையாக நிற்கும் படத்தை அவர் வெகுநேரம் வைத்துப் பார்த்தார். “கூடையைப் பாருங்க, காலியா இருக்கு. நிக்க வச்சு எடுத்திருக்காங்க” என்று சிரித்தார். மலையேறும் நேரத்தில் கூடை காலியாக இருக்கும் என்றால் நிழல் மேற்கே விழ வேண்டும். இதில் நிழல் காலடியிலேயே கிடக்கிறது. உச்சி வேளையில், பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தவர்களைத் துரை கூப்பிட்டு நிறுத்தியிருப்பான் என்பது அவர் முடிவு. அடியில் அச்சான வரியில் எஸ்டேட்டின் பெயரும் இல்லை, பெண்களின் பெயரும் இல்லை. நகலைத் தமக்குத் தரச் சொன்னார், கொடுத்தேன்.

ஜனவரி 27, திங்கள் – டாப் ஸ்டேஷன்

எல்லப்பட்டியைத் தாண்டியதும் குளிர் கடுமை. டாப் ஸ்டேஷன் ஏறத்தாழ 1,880 மீட்டர் உயரத்தில், தமிழ்நாட்டு எல்லையோடு ஒட்டி நிற்கிறது. பாதையில் நடந்தால் எப்போது மாநிலம் மாறியது என்பது கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியில்தான் தெரியும். ரயில் முடிந்து ரோப்வே தொடங்கிய இடத்தில் இன்று கொஞ்சம் கட்டுமானச் சிதைவு, அதன் மேல் செடிகொடி. கீழே கொட்டக்குடிப் பள்ளம் முழுவதும் வெண்மையாக மூடிக் கிடந்தது. மூடுபனி விலகும் என்று காத்திருந்த நேரத்தில் மூன்று தேநீரும் ஒரு ரொட்டி ஆம்லெட்டும் ஆயின. கடைக்கார அம்மா அடுப்பருகே ஒரு முக்காலியைப் போட்டு உட்காரச் சொன்னார். மேலே போர்த்திக்கொள்ளத் தம் கணவரின் கம்பளியையும் கொடுத்தார். ஆம்லெட்டுக்கு வாங்கிய ஐம்பது ரூபாய்க்கு இத்தனையும் கணக்கில் வராது.

காத்திருப்பில் ஓர் அட்டையின் முதுகை மறுபடி பார்த்தேன். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட இந்தியத் தபால்தலை. அதனால் 1911-க்கு முந்தியதாக இருக்க முடியாது. முத்திரை கலைந்துவிட்டது. திருவிதாங்கூருக்குச் சங்குச் சின்னத்தோடு தனியாக அஞ்சல் துறை இருந்தது. அதன் தபால்தலைகள் 1888 முதல் சக்கரம் என்ற நாணயக் கணக்கில் வெளிவந்தன. 1951-இல்தான் அது இந்தியத் தபாலோடு இணைந்தது. சமஸ்தானத்துக்குள் போகும் கடிதத்துக்குத்தான் சங்கு; கடல் கடந்து போவதற்கு மன்னர் தலை வேண்டும். அட்டைகளில் சங்குத் தலை அரிதாகக் கிடைப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்: படம் வாங்கி அனுப்பியவர்கள் துரைகள், பெற்றவர்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள். மழையைப் பற்றிய புலம்பலைத் தவிர அந்த முதுகில் வேறொன்றும் எழுதியிருக்கவில்லை.

மூன்றரை மணிக்குப் பனி பத்து நிமிடம் விலகியது. என் நகல் ஒன்றிலிருக்கும் முகட்டு வரிசை, இரட்டைப் பல் போன்ற பாறையோடு, அப்படியே எதிரே நின்றது. படமெடுத்தவர் நின்ற இடம் இன்றைய கடைகளுக்குச் சில அடி கீழே. அங்கே இப்போது குப்பை கொட்டுகிறார்கள். நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

இரவு லண்டன் வியாபாரிக்குக் கவ்வாத்து விவரத்தை எழுதி அனுப்பினேன். உடனே நன்றி சொல்லிப் பதில் வந்தது. அதே அட்டையின் இன்னொரு பிரதிக்கு வருடத்தைத் திருத்திவிட்டாராம். இடம் உறுதியாகிவிட்டதால் விலையை மட்டும் சற்று ஏற்றியிருக்கிறாராம்.

ஜனவரி 28, செவ்வாய் – குரங்கணி

டாப் ஸ்டேஷனிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாகக் குரங்கணிக்கு இறங்கும் காட்டுப்பாதையில் நடந்திருந்தால் ரோப்வே போன வழியையே பார்த்திருக்கலாம். 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் மலையேறிகள் 23 பேர் இறந்த பிறகு வனத்துறை அனுமதியில் கண்டிப்பாக இருக்கிறது, அது சரிதான். ஆகவே மூணாறு, போடிமெட்டு, போடி என்று ஒரு நாளின் பெரும்பகுதியைச் சுற்றுவதில் செலவழித்து, வெயிலில் வியர்த்தபடி மாலையில் குரங்கணி வந்தேன். காலையில் போட்டிருந்த கம்பளிச் சட்டை பையில் கனத்தது.

போடியில் வாங்கிய பாரவண்டிப் படத்தைத் தேநீர்க் கடையில் காட்டினேன். பெஞ்சில் இருந்தவர்கள் ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். ஆற்றுக்குள் இறங்கி மலையை நிமிர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஒருவர் கூட்டிப்போனார். பாலத்தைத் தாண்டி, இலவம்பஞ்சுத் தோப்பு ஓரமாக நின்றபோது படத்தின் இடது முகடு பொருந்தியது. வலது முகடு மரங்களுக்குள் மறைந்துவிட்டதால் முழுதாக உறுதி சொல்ல முடியாது. உறையின் மேல் பென்சிலால் ‘கொட்டக்குடி ஆற்றங்கரை, பெரும்பாலும்’ என்று எழுதிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது கடைக்காரர் உள்ளே கூப்பிட்டார். முருகன் படத்துக்கும் அவருடைய அப்பா படத்துக்கும் நடுவே, ஒரே சட்டத்துக்குள், ஒரு பட அட்டை: தேயிலைப் பெட்டிகளை ரோப்வேயில் ஏற்றும் ஆட்கள், அறுவர், எல்லோரும் படப்பெட்டியையே பார்க்கிறார்கள். மூன்றாவதாகத் தலைப்பாகையோடு நிற்பவர் தம் தாத்தா என்று தம் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறாராம். இதுவரை நான் பார்த்த இம்மலை அட்டைகளில் ஒருவரையாவது பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடியது இது ஒன்றுதான். விலைக்குத் தருவதில்லை என்று நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். நானும் கேட்டிருக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது.

ஈரத்தில் படத்தின் மேற்புறம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தெடுக்க முயன்றால் படலம் உரிந்து கண்ணாடியோடு போய்விடும். அப்படியே இருக்கட்டும், சுவரிலிருந்து விரலளவு தள்ளி மாட்டினால் காற்று போகும் என்று சொன்னேன். வெளியே கொண்டுவந்து சாய்ந்த வெயிலில், கண்ணாடியில் பிரதிபலிப்பு விழாதபடி அவர் வேட்டியைப் பிடித்து மறைக்க, படமெடுத்தேன். பெரிதாக இரண்டு பிரதிகள் வேண்டுமாம்: ஒன்று கடைக்கு, ஒன்று சிட்டிவரை எஸ்டேட்டில் இருக்கும் அவருடைய அக்காவுக்கு. முகவரியை என் குறிப்பேட்டில் அவரே எழுதினார். தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். பருப்பு வடை வேறொருவர் போட்டு விற்பது என்பதால் அதற்கு மட்டும் இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.